மேல் லயத்தில் தங்கிவிட்டவர்கள்

மார்கழி பிறந்துவிட்டால் கந்தப்பளைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் ஆட்களை எழுப்பத் தப்பு அடிக்க வேண்டியதே இல்லை, கிழவன் சோலைமலையின் இருமலே போதும் என்று மேல் லயத்து வரிசை வீட்டார் கேலி பேசுவார்கள். கேலி பேசுகிறவர்களுக்கு என்ன, பேசிவிட்டுக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போய்விடுவார்கள். பக்கத்தில் கிடந்து அந்த இருமலைக் கேட்டவள் அவன் பெண்சாதி வேலாயி. ஒவ்வோர் இருமலுக்கும் பிறகு அடுத்தது வருமா, இதோடு நின்றுவிடுமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பாள்.

வேலாயி அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, பதினோரு வயதில் கூடை மாட்டி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் வயதாகிவிட்டதென்று பேர் வெட்டும்வரை அதே மலையில் கொழுந்து எடுத்தவள். சோலைமலை, அங்கே ஸ்டோர் என்று சொல்கிற தேயிலை ஆலையில், தூள் சலிக்கிற இடத்தில் முப்பத்தெட்டு வருடம் நின்றவன். நல்ல தூளெல்லாம் கப்பலேறிப் போயிற்று. தூசி சோலைமலையின் நெஞ்சில் தங்கிற்று. இரண்டு பேருக்கும் ஒரே மாதத்தில் பேர் வெட்டினார்கள். அன்றைக்கு ஆளுக்கொரு புதுக் கம்பளி கொடுத்து, தோட்டத்துத் துரை கைகூடக் குலுக்கினார்.

பேர் வெட்டிய பிறகு லயத்தில் குடியிருக்கிற அறையை, காம்பிராவை, வைத்துக்கொள்ள வேண்டுமானால் பிள்ளைகளில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்ய வேண்டும். இவர்களுக்குத் தங்கிய பிள்ளை பூரணி ஒருத்திதான். அவளும் கினிகத்தேனையில் தையல் கடை வைத்திருந்த பழனியாண்டிக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். துரை மனமிரங்கி, கிழவனும் கிழவியும் சேர்ந்து இருக்கிறவரை அந்தக் காம்பிராவில் இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை எழுதி வைத்தார். ஆள் இல்லாமல் பூட்டிப் போட்டாலோ, ஒருவர் போய் ஒருவர் மிஞ்சினாலோ அது வேறு குடும்பத்துக்குப் போய்விடும். ஒரே காம்பிராவுக்குள் இரண்டு குடும்பம் குறுக்கே சேலையைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளிய நாட்கள் அவை. இவர்களுடைய கதவின் மேல் எத்தனை பேர் கண் இருந்தது என்று சொல்லத் தேவையில்லை.

பத்தடிக்குப் பத்தடி, புகை பிடித்த சுவர், ஒழுகுகிற தகரம். இதற்குப் போய் இவ்வளவு பாடா என்று கேட்கலாம். வேலாயியைக் கேட்டால் அவள் கணக்கே வேறு. மகள் வீட்டுக்கு விருந்தாடியாகப் போகலாம், ஒண்டிக் கிடக்கப் போகக் கூடாது. திரும்பி வர ஒரு கதவு இருக்கிறவரைதான் அவள் விருந்தாடி. அந்தக் கதவு போய்விட்டால் மருமகன் போடுகிற சோற்றைத் தின்றுகொண்டு மூலையில் கிடக்கிற கிழவி. மருமகன் என்னவோ தங்கமானவன்தான், அதனால்தான் அவளுக்கு இன்னும் கூச்சம்.

ஆனால் குளிர் அவள் கூச்சத்தைப் பார்க்கவில்லை. தையில் அந்த மலையில் உறைபனி விழும். விடியும்போது புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கும். இன்னும் ஒரு குளிர்காலம் இங்கே கிடந்தால் கிழவனை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான் என்று தோட்டத்து மருந்துக்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அதனால் ஐம்பத்தொன்பதிலிருந்து கார்த்திகைக் கடைசியில் இரண்டு பேரும் கினிகத்தேனைக்கு இறங்கிவிடுவார்கள். மாசி முடிந்து ஏறுவார்கள். அடுத்த காம்பிரா பேச்சியம்மா தினமும் பொழுது சாயக் கதவைத் திறந்து, அடுப்பில் நாலு சுள்ளியைப் போட்டுப் புகைய விட்டு, விளக்கை ஏற்றிவிட்டு வருவாள். புகை வந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு வருடம் காதும் காதும் வைத்த மாதிரி நடந்தது.

அறுபத்தொன்றில் தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற புதுக் கண்டாக்கு வந்தார். துரைராசா என்று பேர், யாழ்ப்பாணத்துக்காரர். லயம் லயமாகப் போய்ச் சன்னல் கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்து, உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்த்து எழுதுகிறாராம். கீழ் லயத்தில் இப்படியே இரண்டு காம்பிரா கைமாறிவிட்டது. அதைக் கேட்டதும் வேலாயி இந்த வருடம் போக வேண்டாம் என்றாள். சோலைமலை இருமி முடித்துவிட்டுச் சிரித்தான்.

"புகையப் பாத்து நம்பாதவரு ஆளப் பாத்து நம்புவாருல்ல? ரெண்டு ஆளப் படுக்க வச்சிட்டுப் போவோம்."

மரக்கறித் தோட்டத்துக்குப் பன்றி வராமல் பொம்மை கட்டிப் பழகிய கை அவனுக்கு. இரண்டு சாக்கில் மானாப்புல்லைத் திணித்தான். பழைய சட்டியைக் கவிழ்த்துத் துணி சுற்றித் தலையாக்கினான். சலவைத் துணி விறைத்துக்கொண்டு நிற்கும் என்று முந்திய நாள் உடுத்திக் களைந்த வேட்டியையும் கறுப்புக் கோட்டையும் ஒன்றுக்கு மாட்டினான்; வேலாயியின் நீலச் சேலையை மற்றதற்குச் சுற்றினான். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுக்க வைத்துக் கம்பளியால் மூடினான். வேலாயி வாசலில் நின்று பார்த்தாள். அந்த முதுகு அவளுடைய முதுகுதான்.

"ஆளு உசுரோட இருக்கையில ஆளுக்குப் புல்லுக் கட்டக் கூடாதுங்க," என்றாள்.

அவள் சும்மா சொல்லவில்லை. அவளுக்கு ஒன்பது வயதில் அவளுடைய சித்தப்பாவை ஆறு அடித்துக்கொண்டு போயிற்று. உடம்பு கிடைக்கவில்லை. உடம்பு கிடைக்காதவனுக்குப் புல்லில் ஓர் உருவம் கட்டி, அவன் துணியை உடுத்தி, அதன் காதருகே குனிந்து மூன்று தரம் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அப்போது எங்கேயோ அலைகிற அவன் வந்து புல்லுக்குள் இறங்குவான், அப்புறம் புதைக்கலாம். கூப்பிட்டு முடித்ததும் அந்தப் புல் கொஞ்சம் கனத்தது என்று தூக்கியவர்கள் சொன்னதை வேலாயி தன் காதால் கேட்டிருக்கிறாள்.

இதை அவள் சொல்லியிருக்கவே கூடாது. சோலைமலைக்கு எதைக் கேட்டாலும் விளையாட்டு. போகிற அன்று மூட்டையைத் தூக்கிய பிறகு திரும்பி உள்ளே போனான். கம்பளிக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"சோலைமல! சோலைமல! சோலைமல! வேலாயி! வேலாயி! வேலாயி! நாங்க போயிட்டு வாறோம். காம்பிராவப் பத்திரமாப் பாத்துக்குங்க."

வேலாயி ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தினாள். பொத்தி என்ன பயன், ஆறு தரமும் சொல்லி முடித்துவிட்டான். அவளே கதவைப் பூட்டிச் சாவியைப் பேச்சியம்மாவிடம் கொடுத்தாள். இன்னொரு சாவியை மடியில் முடிந்துகொண்டாள். நானுஓயாவில் ரயில் ஏறும்வரை அவனோடு பேசவில்லை.

கினிகத்தேனையில் நாலாம் நாள் சோலைமலைக்கு இருமல் நின்றது. குறையவில்லை, நின்றது. முந்திய வருடங்களில் போகப் போகத்தான் தணியும். இந்தத் தடவை குழாயை மூடினாற்போல் நின்றுபோயிற்று. ஒரு வாரத்தில் இரண்டாம் தரம் சோறு கேட்டான். பக்கத்துச் சிங்கள வீட்டு மெனிக்கா பிஞ்சுப் பலாக்காய் கொண்டுவந்து கொடுத்தபோது, அவள் வேலியோரத்து மரத்தில் ஏறி மிளகுக் கொடியைக் கட்டிவிட்டு இறங்கினான். பூரணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அப்பாவுக்குப் பத்து வயசு கொறஞ்சு போச்சும்மா. பேசாம இங்கேயே இருந்துருங்களேன்," என்றாள்.

"இருக்கலாம், இருக்கலாம். மாசி வரட்டும்," என்று வேலாயி பேச்சை மாற்றினாள்.

சும்மா இருந்து சாப்பிட அவளுக்குக் கை கூசியது. மருமகனிடம் ஓர் ஊசியை வாங்கிக் காஜா எடுக்கத் தொடங்கினாள். ஐம்பது வருடம் கொழுந்தைக் கிள்ளிய விரலுக்கு நூல் உடனே படிந்துவிட்டது. "அத்த கைக்கு மிசினே தோத்துப்போவும்," என்று பழனியாண்டி மெச்சினான். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒன்றே ஒன்றுதான். தைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் விரல்களில் கரி ஏறும். காலையில் சோப்புப் போட்டுக் கழுவிய கை, பத்து மணிக்கெல்லாம் அடுப்பு ஊதிய கையாக ஆகிவிடும். பூரணி வீட்டில் அடுப்புப் பக்கமே அவளை விடுவதில்லை. யாருடைய கரி இது என்று அவள் யாரிடம் கேட்பாள்? முந்தானைக்குள் கையைத் துடைத்துத் துடைத்து வைத்தாள்.

கந்தப்பளையிலிருந்து கொழும்புக்கு மரக்கறி ஏற்றிப் போகிற லொறிகள் பழனியாண்டி கடைக்கு எதிரில் இருந்த தேத்தண்ணிக் கடையில் நிற்கும். அதில் ஒரு லொறியின் டிரைவர் செல்லசாமி மேல் லயத்துக்காரன்தான். மார்கழி நடுவில் ஒருநாள் அவன் இறங்கி வந்தவன், பெஞ்சில் உட்கார்ந்திருந்த சோலைமலையைக் கண்டு அப்படியே நின்றான்.

"மாமா, நீங்க எப்ப எறங்குனீங்க? காலையில லோடு ஏத்தையில லயத்து இஸ்தோப்புல குந்தியிருந்தீங்களே! ஹோன் அடிச்சேன், திரும்பிக்கூடப் பாக்கல."

"வேற யாரையாச்சும் பாத்திருப்ப."

"ஒங்க கறுப்புக் கோட்டு எனக்குத் தெரியாதா? இருமிக்கிட்டு இருந்தீங்க." செல்லசாமி குழம்பிப்போய் வேலாயியைப் பார்த்தான். "பேச்சியம்மாக்காவும் கோவமா இருக்காங்க அத்த. சொல்லாமக் கொள்ளாமத் திரும்பி வந்துட்டீங்களாம். கூப்பிட்டாப் பேச மாட்டேங்கிறீங்களாம். இனிமே அடுப்புப் பத்த வைக்க வர மாட்டாங்களாம்."

சோலைமலை தொடையில் தட்டிச் சிரித்தான். பொம்மை அவ்வளவு அச்சாக அமைந்துவிட்டதே என்று அவனுக்குப் பெருமை. பொம்மை வாசல் திண்ணையான இஸ்தோப்புக்கு எப்படி வந்து உட்கார்ந்தது என்று வேலாயி கேட்டதற்குப் பிறகுதான் அவன் சிரிப்பு நின்றது. அன்றைக்கு முழுக்க அவன் மிளகுக் கொடிப் பக்கம் போகவில்லை.

பொங்கல் கழிந்து செல்லசாமி மறுபடி வந்தபோது லொறியை விட்டு இறங்கவேயில்லை. மேல் லயத்தில் கிழவனுக்கு ரொம்ப முடியவில்லை என்று வேலாயியை அழைத்து மெதுவாகச் சொன்னான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கடைக்குள்ளே பழனியாண்டியோடு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த கிழவனையும் பார்க்கவில்லை.

மறுநாள் வேலாயி தனியாகப் புறப்பட்டாள். பேச்சியம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம் என்று ஒரு பொய்யைச் சொன்னாள். ஒரு துணியில் இஞ்சி, கொத்தமல்லி, கருப்பட்டி முடிந்துகொண்டாள். ஏன் முடிந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஹட்டனில் ரயில் பிடித்து நானுஓயாவில் இறங்கி, பஸ் மாறிக் கந்தப்பளையில் நின்றபோது நடுப்பகல். மூடுபனி அப்படியே உட்கார்ந்திருந்தது. பிறந்து வளர்ந்த பாதை. கண்ணைக் கட்டிவிட்டாலும் ஏறுவாள். அன்றைக்கு இரண்டு இடத்தில் திரும்பும் வழியைத் தவறவிட்டாள்.

லயத்துத் தண்ணிக் குழாயடியில் பேச்சியம்மா நின்றிருந்தாள். வேலாயியைக் கண்டதும் குடத்தைக் கீழே வைத்தாள்.

"என்னக்கா, நீ இப்பத்தானே தண்ணி புடிச்சிட்டு உள்ள போன? எப்படி இந்தப் பக்கமா வர்ற?"

"பேச்சியம்மா, நான் கினிகத்தேனையில இருந்து வர்றேன்டி."

பேச்சியம்மா அவளை உச்சியிலிருந்து கால்வரை பார்த்தாள். பச்சைச் சேலை, காலில் செருப்பு, சதை பிடித்த கன்னம். அப்புறம் திரும்பி வேலாயியின் கதவைப் பார்த்தாள். குடத்தை எடுக்காமலே போய்த் தன் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள். பத்து வருடம் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்து, பிரசவத்துக்கும் சாவுக்கும் ஓடி வந்தவள் அப்படிச் செய்தது வேலாயிக்கு நெஞ்சில் தைத்தது.

அவள் காம்பிராக் கூரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. நாதாங்கியில் பூட்டு இல்லை. உள்ளே இருமல் கேட்டது. அந்த இருமலை அவளுக்குத் தெரியாதா? இரண்டு குட்டை இருமல், ஒரு நீண்ட இருமல், கடைசியில் ஓர் இழுப்பு. அதைக் கேட்டு முப்பது வருடம் விழித்துக் கிடந்தவள். ஓடிப்போய் அவன் முதுகைத் தடவ வேண்டும் என்று கை துடித்தது. அவன் கினிகத்தேனையில் இருக்கிறான், வெற்றிலை போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறான் என்று தனக்குத்தானே இரண்டு தரம் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

கண்ணாடிப் பக்கம் போய் எட்டிப் பார்த்தாள். அடுப்புக்கு முன்னால் நீலச் சேலை குனிந்து ஊதிக்கொண்டிருந்தது. முகம் தெரியவில்லை. கம்பளிக்கு அடியில் ஒரு மேடு ஏறி இறங்கியது. நீலச் சேலை எழுந்து, ஒரு டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, சூடு பார்க்க விளிம்பில் உதட்டை வைத்துவிட்டு, குனிந்து கொடுத்தது. வேலாயி அப்படித்தான் கொடுப்பாள். பயம் அவளைப் பிடித்துத் தள்ளியது. ஆனால் கண்ணாடியை விட்டு முகத்தை எடுக்கவில்லை.

"ஆரணை அது? புது ஆளாக் கிடக்கு."

பின்னால் கண்டாக்கு துரைராசா தொப்பியும் கைத்தடியுமாக நின்றார். அவருக்கு வேலாயியைத் தெரியாது. அவர் வந்து சேர்ந்ததற்கும் இவர்கள் இறங்கிப் போனதற்கும் நடுவில் ஒரு மாதம்தான்.

"இந்தக் காம்பிராவிலை இருக்கிற ஆக்கள் உனக்கு என்ன முறை?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவரே சொன்னார். "கிழவருக்கு நல்லாச் சுகமில்லை. இந்தக் குளிர் தாண்டாது. மனிசி பாவம், முக்காட்டை எடுக்காது, ஒரு கதையும் கதைக்காது, எதைக் கேட்டாலும் தலையை ஆட்டும். இவை இங்கை இருக்கிறேல்லை, மகள் வீட்டிலை இருக்கினம் எண்டு எனக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. நான் என்ரை கண்ணாலை பார்த்து எழுதிப்போட்டன். பொய்க் கடிதம். இவை எங்கையும் போகேல்லை."

வேலாயியின் மடியில் சாவி இருந்தது. நான்தான் ஐயா வேலாயி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், இத்தனை நாளாக ஊரில் இல்லை என்பதும் வெளியே வந்துவிடும், காம்பிரா போய்விடும். அது போனால் போகட்டும் என்றுகூட அந்த நிமிடம் நினைத்தாள். ஆனால் கதவைத் திறந்து அந்தப் புல்லை உதறிப் போட்டால், அதற்குள் போய் உட்கார்ந்திருக்கிற இருமல் எங்கே போகும்? அது வந்த இடத்துக்குத்தானே போகும்.

"நான் அவங்களுக்குச் சொந்தக்காரிங்க ஐயா," என்றாள். "கினிகத்தேனையில இருந்து பாக்க வந்தேன்."

"அப்ப உள்ளுக்குப் போய்ப் பாரன்."

"வேணாங்கய்யா. சங்கடப்படுவாங்க. இதக் குடுத்துட்டுப் போறேன்."

முடிச்சை இஸ்தோப்பில் வைத்துவிட்டு இறங்கினாள். பத்து எட்டு வைத்திருப்பாள், பின்னால் கதவு திறந்து மூடுகிற ஓசை கேட்டது. கண்டாக்கு யாரிடமோ, "உங்கடை சொந்தக்காரி வைச்சிட்டுப் போறா," என்று சொன்னார். வேலாயி திரும்பிப் பார்க்காமல் ரோட்டுவரை ஓடினாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. தன் வீட்டு வாசலில் விருந்தாடியாக நின்றுவிட்டு வந்ததை நினைத்து அழுதாள். கொடுத்த டம்ளரை வாங்கக்கூட அந்தக் கம்பளிக்குள்ளிருந்து கை வராததை நினைத்தும் அழுதாள்.

மாசி பிறந்து ஒன்பதாம் நாள் செல்லசாமி வந்தான். நேரே தையல் கடைக்குள் நுழைந்து, மருமகனுக்குத் துணி மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த சோலைமலைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மாமா," என்றான். "நேத்துத்தான் ஒங்கள அடக்கம் பண்ணிட்டு வந்தோம்."

சோலைமலை துணியை மடித்து முடித்தான். "நல்லா பண்ணுனீங்களா?" என்று கேட்டான்.

"நல்லாத்தான் பண்ணுனோம். தோட்டத்துல பெட்டி குடுத்தாங்க. ரெண்டு செட்டுத் தப்பு. கண்டாக்கையா மலையேறி வந்து ஒரு கை மண்ணு போட்டாரு."

"மழை பேஞ்சுதா?"

"தூறல்."

"பெட்டி கனத்துச்சா?"

செல்லசாமி வாயைப் பொத்திக்கொண்டு ஆமென்று தலையை ஆட்டினான். சோலைமலை எழுந்து வெளியே போய், மெனிக்கா வீட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்க மறந்துவிட்டேன் என்று வேலாயியிடம் பிறகு சொன்னான். தன் சாவுக்குத் தான் போக முடியாமல் போனதில் அவனுக்கு உண்மையிலேயே மனத்தாங்கல் இருந்தது.

வேலாயி கேட்டது வேறு. "அவ?" என்றாள்.

"அத்ததான்... அந்த அத்ததான்..." செல்லசாமிக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "அழுவல. மூலையில குந்தியிருக்கு. பதினாறு முடிஞ்சதும் காம்பிராவ விட்டுரணுமாம். ஆபீசுல சொல்லிட்டாங்க."

வேலாயியின் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. தாலி அங்கேதான் இருந்தது, சூடாக இருந்தது. காம்பிரா கைவிட்டுப் போன செய்தி அது. அதற்காக மூன்று வருடம் பட்ட பாடெல்லாம் வீண். ஆனால் அவள் மனசு அந்தக் கதவையே நினைக்கவில்லை. பதினாறாம் நாள் விடிகாலையில் அந்தக் கழுத்தில் யார் கை வைப்பார்கள், சேலையை யார் மாற்றிவிடுவார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தது. பேச்சியம்மா வரமாட்டாள். பேச்சியம்மாவுக்குப் பயம்.

அன்றிலிருந்து அவள் விரல்களில் கரி ஏறவில்லை. சுத்தமான கையைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. அங்கே அடுப்பு அணைந்துவிட்டது என்று தெரிந்துகொண்டாள்.

பங்குனி பிறந்த வாரம், ஒரு பின்னேரம். கினிகத்தேனையில் அந்த மாதத்தில் அப்படி மூடுபனி இறங்குவதில்லை. அன்றைக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைகூடத் தெரியவில்லை. ஹட்டன் பஸ் நின்று போகிற சத்தம் கேட்டது. வேலாயி பின்கட்டில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். முன்வாசலில் இருந்த பூரணி சத்தமாகக் கேட்டாள்.

"என்னம்மா, நீங்க எப்ப வெளிய போனீங்க? அதென்ன வெள்ளச் சேல?"

பிறகு பூரணி ஓடி வந்தாள். பின்கட்டில் ஊசியும் கையுமாக உட்கார்ந்திருந்த தாயைக் கண்டதும் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

வேலாயி ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சோலைமலை எழுந்திருக்கப் போனான். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அவனைப் பார்த்தால் அங்கே நிற்கிறவள் தாங்க மாட்டாள் என்று அவளுக்குப் பட்டது. ஒரு செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு வாசலுக்குப் போனாள்.

படிக்குக் கீழே, மூடுபனிக்குள், வெள்ளைச் சேலையில் அவள் நின்றிருந்தாள். வெறுங்கழுத்து. கம்பளியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். வேறு மூட்டை இல்லை. சேலைக்கு அடியிலிருந்து காய்ந்த மானாப்புல் இரண்டொன்று படியில் உதிர்ந்து கிடந்தது. படியேறுவதா வேண்டாமா என்று தெரியாமல், தலையைக் குனிந்து, கூச்சத்தோடு நின்றாள்.

வேலாயிக்குப் பயம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. குளிரையும் இருமலையும் பிணத்தையும் இவள் தலையில் கட்டிவிட்டு, நாம் இங்கே வந்து வெயில் காய்ந்திருக்கிறோம். தாலி அறுத்ததும் இவள்தான், காம்பிராவை விட்டு இறக்கப்பட்டதும் இவள்தான். போக்கிடம் இல்லாமல் போனால் எங்கே போவாள்? பெற்ற மகள் வீட்டுக்குத்தானே வருவாள்.

படியிறங்கிப் போய்ச் செம்பைச் சாய்த்து அந்தப் பாதங்களைக் கழுவினாள். அவை பனியில் வெடித்திருந்தன. பிறகு கம்பளியை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு அவள் கையைப் பிடித்தாள்.

"ஏன் வெளிய நிக்கிற?" என்றாள். "உள்ள வா. இது நம்ம வீடுதான்."